மலை ரயிலின் பன்னிரண்டு மாதங்கள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்களில் பெரும்பாலோர் சென்னைவாசிகள். அதிலும் பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பகுதிகளிலிருந்து வந்தவையே மிகுதி. ரயில்வே குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகள் அவை என்பதால் இதில் வியப்பில்லை. ஒரே விஷயத்தைச் சுற்றியே கேள்விகள் அமைந்திருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மே மாதத்துக்கு எவ்வளவு முயன்றும் டிக்கெட் கிடைக்கவில்லை. நவம்பரில் எளிதாகக் கிடைத்தது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் போய் இறங்கிய பிறகு, மண்சரிவால் வண்டி ரத்து என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் அழுதுவிட்டார்கள். எந்த மாதத்தில்தான் போவது?
— குடும்பத் தலைவி, அயனாவரம்

சகோதரி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இதே ஏமாற்றத்தை நானும் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, எதிர் நடைமேடையில் நீல நிறப் பெட்டிகள் வெறுமனே நிற்பதைப் பார்த்தபோது மனம் சோர்ந்துதான் போனது. ஆனால் அன்று மழைக்கோட்டு அணிந்து, தோளில் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பாதையின் மீது ஏறிச் சென்ற ஊழியர்களைப் பார்த்த பிறகு, மலை ரயிலைப் பற்றிய என் எண்ணமே மாறியது. நாம் டிக்கெட் எடுக்கும் நாள்களை மட்டும் வைத்து அந்த ரயிலை அளக்கிறோம். அதைக் காப்பாற்றுவதோ, டிக்கெட் விற்காத நாள்களிலும் நடக்கும் வேலை. உங்கள் கேள்விக்கு மாதத்தின் பெயரை மட்டும் சொல்லி முடிக்காமல், அந்த ரயிலின் ஓராண்டையே சொல்ல விரும்புகிறேன்.

பொங்கல் முடிந்த தை, மாசி மாதங்களில் தொடங்குவோம். உதகையில் உறைபனி விழும் காலம் அது. வானம் தெளிந்திருக்கும், ஹில்குரோவ், ரன்னிமீடு பகுதிகளிலிருந்து கீழே சமவெளி தெளிவாகத் தெரியும். கூட்டமும் கோடைக்காலத்தை விடக் குறைவு. உங்கள் குழந்தைகளை அழைத்துச் செல்ல நான் பரிந்துரைப்பது ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும்தான். கம்பளியை மட்டும் மறக்க வேண்டாம்.

பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் முடியும் வரை காடு காய்ந்து கிடக்கும். ரயில் ஊழியர்களுக்கு இது தீயை நினைத்து அஞ்சும் காலம். நிலக்கரி எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் ஒரு பொறி, காய்ந்த புல்லில் விழுந்தால் போதும். கல்லாறுக்கு மேலே உள்ள சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். எஞ்சின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் தேடி யானைகள் பாதையைக் கடப்பதும் இந்தக் காலத்தில் உண்டு. பின்னர் பர்லியார் பக்கம் பலா பழுக்கத் தொடங்கியதும் அவற்றின் நடமாட்டம் இன்னும் கூடும். யானை பாதையில் நின்றால் வண்டி காத்திருக்கும். அதற்கு வேறு வழியும் கிடையாது, இருக்கவும் கூடாது.

ஏப்ரலும் மேயும் சீசன். பள்ளி விடுமுறையும் மே மாத மலர்க் கண்காட்சியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சிறப்பு ரயில்கள் விட்டாலும் இடம் போதாது. வண்டியில் பெட்டிகளே சில, ஒவ்வொரு பெட்டியும் சிறியது, மலையின் சரிவு அதற்கு மேல் இழுக்க விடாது. இப்போது முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னால் திறக்கிறது. மே மாதத்தில் போக வேண்டுமென்றால் மார்ச் மாதத்திலேயே, முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே முயல வேண்டும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அந்த மழையின் முழு வேகத்தையும் தாங்குவது கூடலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகள். ரயில் ஏறும் கிழக்குச் சரிவில் அதன் கடுமை குறைவு. ஆகையால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் மேகத்தினூடே போகும் பயணம் பெரும்பாலும் தடையின்றி நடக்கும். பசுமையை விரும்புபவர்களுக்கு இது நல்ல காலம். செப்டம்பரில் இரண்டாம் சீசன் வந்துவிடும்.

அதன் பிறகு வருவது ஐப்பசி. நம் சென்னைக்கு வெள்ளத்தைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவமழைதான் குன்னூர்ச் சரிவில் பாறையையும் மண்ணையும் உருட்டிவிடுகிறது. நாம் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் வடியக் காத்திருக்கும் அதே வாரத்தில், அங்கே தண்டவாளத்தின் மீது மரங்கள் சாய்ந்து கிடக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் பல உயிர்கள் போயின. ரயில் பாதையும் பெரும் சேதமடைந்தது. சில ஆண்டுகளில் ஓரிரு நாள் ரத்தோடு தப்பலாம். சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் நின்றுவிடும். உங்களுக்கு நவம்பரில் எளிதாக இடம் கிடைத்ததற்கும் இதுவே காரணம். அந்த மாதங்களில் போவதானால், ரயில் ரத்தானால் பேருந்தில் குன்னூர் வரை போய், அங்கிருந்து உதகைக்கு ரயில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். மண்சரிவு பெரும்பாலும் கல்லாறு–குன்னூர் பகுதியிலேயே நிகழ்வதால், மேல்பகுதி வண்டிகள் பல நேரங்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லா ரயிலிலும் எஞ்சின் முன்னால் இருந்து இழுக்கிறது. ஊட்டி ரயிலில் மட்டும் பின்னாலிருந்து தள்ளுவது ஏன்? அந்தப் பல் சக்கரம் எப்படி வேலை செய்கிறது?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், வில்லிவாக்கம்

ஐயா, எஞ்சின் எப்போதும் பள்ளத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்பதே விதி. பெட்டிகளின் இணைப்பு ஏதேனும் அறுந்தாலும், பெட்டிகள் எஞ்சினின் மீதே சாய்ந்து நிற்கும்; தனியே உருண்டு ஓடாது. ஏறும்போது தள்ளுவதும் இறங்கும்போது முன்னால் நின்று தாங்குவதும் ஒரே காரணத்தால்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை பாதையின் நீளம் 45.88 கி.மீ.; 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. இதில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரம்தான் பல் தண்டவாளம். அங்கே ஏற்றம் 12-க்கு 1. அதாவது, 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். சமவெளி ரயிலுக்கு 100-க்கு 1 என்பதே கடினமான ஏற்றம். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் இந்தச் சரிவில் பிடித்து நிற்காது. ஆகையால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே, பற்கள் வெட்டப்பட்ட இரண்டு இரும்புப் பட்டைகளை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் இடைவெளி வரும்படி அவை அமைந்திருக்கும். எஞ்சினின் பல் சக்கரங்கள் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கும். இதை ‘ஆப்ட்’ முறை என்பார்கள்.

எஞ்சின் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் வடிவமைக்கப்பட்ட எக்ஸ் வகை. இதில் நான்கு சிலிண்டர்கள். சமதரையில் இரண்டு மட்டும் இயங்கி, சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பல் பாதையில் நுழைந்ததும், அந்த இரண்டிலும் வேலை செய்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் புகுந்து, பல் சக்கரங்களைச் சுழற்றும். ஒரே நீராவியிடம் இரு முறை வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம், வடிவமைத்தவர்களின் மீது எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. இறங்கும்போது சிலிண்டர்களின் வேலை தலைகீழாகிறது. அவை காற்றை உறிஞ்சி அழுத்தும் பம்புகளாகி, அந்த எதிர்ப்பினாலேயே வண்டியைப் பிடித்துக்கொள்கின்றன. சூடு ஏறாமல் இருக்க உள்ளே தண்ணீர் செலுத்தப்படுகிறது. பல் பாதையில் வேகம் மணிக்கு 13 கி.மீ. அளவில்தான் இருக்கும். ஆகவேதான் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி உதகையைச் சேர நண்பகல் ஆகிவிடுகிறது.

அடுத்த முறை போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதல் பெட்டியின் முன்புறத் திறந்த மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எஞ்சின் பின்னால் இருப்பதால், பாதையை முதலில் பார்க்கும் கண்கள் அவருடையவை. கையில் சிவப்பு, பச்சைக் கொடிகள் இருக்கும். அவர் காட்டும் கொடியை அடுத்தடுத்த பெட்டிகளின் பிரேக்ஸ்மேன்கள் பார்த்துத் தாங்களும் காட்ட, அது கடைசியில் எஞ்சினை அடையும். குகைக்குள் நுழையுமுன் அவர் சற்றே முன்னால் குனிந்து பார்ப்பார். 16 குகைகளிலும் அப்படியே.

வழியில் ரயில் அடிக்கடி நின்று விடுகிறதே, எதற்கு?
— மாணவி, பெரம்பூர்

தண்ணீருக்காக, மகளே. நீராவி எஞ்சின் எரிபொருளை விடத் தண்ணீரையே மிகுதியாகக் குடிக்கும். ஏற்றத்தில் தாகம் இன்னும் கூடும். ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் எஞ்சினுக்குத் தண்ணீரும் நமக்குத் தேநீரும் கிடைக்கும். கையிலுள்ள தின்பண்டத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொள்.

குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின்தானே இழுக்கிறது? முழுப் பாதைக்கும் டீசலையே வைத்தால் செலவு குறையுமே. நீராவி வெறும் காட்சிக்காகத்தானா?
— பொறியியல் மாணவர், குரோம்பேட்டை

தம்பி, பல் பாதைக்குப் பல் சக்கரம் உள்ள எஞ்சின்தான் வேண்டும். குன்னூருக்கு மேல் ஓடும் டீசல் எஞ்சினுக்கு அது கிடையாது. ஆனால் உன் கேள்வியின் உட்பொருள் அது மட்டும் அன்று. பல் சக்கரம் கொண்ட டீசல் எஞ்சினை உருவாக்கிக்கொள்ள முடியாதா என்றால், முடியும். அப்படிச் செய்தால் நாம் இழப்பது என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மலைக்கு ரயில் வேண்டும் என்ற திட்டம் 1854-லேயே எழுந்தது. வேலை தொடங்கியதோ 1891-இல். முதலில் ஏற்ற நிறுவனம் நொடித்துப்போய், வேறொரு நிறுவனம் தொடர்ந்து, 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வண்டி ஓடியது. தொடக்க ஆண்டுகளில் இதை இயக்கியது நம் ஊர் மெட்ராஸ் ரயில்வே. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, பாலங்களையும் குகைகளையும் மட்டும் பார்த்து ஏற்கவில்லை; அன்றைய பொறியியல் இன்னும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்த்தே ஏற்றது. ஓடாத எஞ்சினைப் பூங்காவில் நிறுத்தி வர்ணம் பூசி வைக்கலாம். அதை ஓட்டத் தெரிந்த கையையும், பழுது கேட்டறியும் காதையும் அப்படி நிறுத்தி வைக்க முடியாது.

என் தந்தையார் பெரம்பூரில் பாய்லர் பிரிவில் ஃபிட்டராக இருந்தவர். நீராவி எஞ்சினில் நெருப்பு எரியும் அறையையும் அதைச் சூழ்ந்த வெளித்தகட்டையும் நூற்றுக்கணக்கான சிறு இரும்புத் தண்டுகள் இணைத்துப் பிடித்திருக்கும். அவற்றை ஸ்டே என்பார்கள். உடைந்த ஸ்டே கண்ணுக்குத் தெரியாது. சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல ஸ்டே மணிபோல் ஒலிக்கும். உடைந்தது ‘டொக்’ என்று சொல்லும். வீட்டில் மண்பானை வாங்கும்போதுகூட அவர் அப்படித் தட்டித்தான் வாங்குவார். கொதிகலனின் உள்ளே படியும் உப்பையும் சேற்றையும் குறித்த கால இடைவெளியில் கழுவி எடுப்பது, குழாய்களின் கசிவை அடைப்பது, தண்ணீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈய பிளக்கைப் பார்ப்பது, குளிர்ந்து கிடக்கும் கொதிகலனை அவசரப்படாமல் மணிக்கணக்கில் மெல்லச் சூடேற்றுவது ஆகிய எதுவுமே புத்தகம் படித்து மட்டும் வருவதல்ல. குன்னூர் லோகோ ஷெட்டில் இந்த வேலைகள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன; வண்டி ரத்தான மழை நாள்களிலும் நடக்கின்றன.

சுவிட்சர்லாந்திலிருந்து கடைசித் தொகுதி எக்ஸ் எஞ்சின்கள் வந்தது 1952-இல். அவையும் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-இலிருந்து எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டித் தந்தது. 2021-இல் நிலக்கரியில் எரியும் புதிய எஞ்சினையும் கட்டியது. இந்த நூற்றாண்டில், நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், பல் சக்கர நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். பொறியியல் படிக்கும் நீ இதை உன் வகுப்பில் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். செலவுக் கணக்கில் நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். அந்தச் செலவு செய்யத் தக்க செலவு என்றே நான் நம்புகிறேன்.

இங்கிலாந்தில் தொண்டர்களே நீராவி ரயில் ஓட்டுகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? இங்கே ஏன் இல்லை?
— வங்கி ஊழியர், மயிலாப்பூர்

உண்மை. வேல்ஸில் பலகைக்கல் (ஸ்லேட்) சுமந்த டால்லிலின் என்ற சிறு ரயிலை, உரிமையாளர் இறந்து அது மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1951-இல் தொண்டர்கள் ஏற்று நடத்தினார்கள். உலகில் அதுவே முதல் முயற்சி. 1960-இல் சசெக்ஸ் பகுதியில் புளூபெல் ரயில் தொடங்கியது. அவர்களின் ஆண்டு நம் ஆண்டுக்கு நேர்மாறானது. பெரும்பாலான பாதைகள் குளிர்காலத்தில் மூடப்பட்டு, தண்டவாளமும் எஞ்சினும் பழுது பார்க்கப்படும்; ஈஸ்டர் வாக்கில் திறந்து, கோடை முழுவதும் ஓடி, டிசம்பரில் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் தாத்தா ரயில்களோடு ஆண்டின் வருமானத்தில் ஒரு நல்ல பங்கைத் தேடிக்கொள்வார்கள். ஓய்வு மாதங்களை அவர்கள் தாங்களே குறித்துக்கொள்கிறார்கள். நமக்கு மழை குறித்துக் கொடுக்கிறது.

நம் நாட்டில் ரயில்வே அரசுடையது. தொண்டர்கள் எஞ்சின் ஓட்ட இடமில்லை. அது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. சம்பளம் வாங்கும் தொழிலாளியின் கையில் அந்தத் திறமை இருப்பது நல்லதே.

சென்னையிலேயே நீராவி எஞ்சின் பார்க்க வழி உண்டா?
— இல்லத்தரசி, சைதாப்பேட்டை

வில்லிவாக்கம் அருகே ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தையொட்டி, 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அரை நாள் போதாது. அதைவிடப் பெரிய பேறு இ.ஐ.ஆர். 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்யப்பட்ட எஞ்சின் அது. அதாவது ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி கிளம்புவதற்கும் முந்தையது. ஓய்வுபெற்று நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றிருந்த அதை, மின்சார எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் லோகோ பணிமனை 2010-இல் உயிர்ப்பித்தது. சில சுதந்திர தினங்களில் அது எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓடியிருக்கிறது. மீண்டும் அறிவிப்பு வந்தால் எழும்பூர்க் கூட்டத்தில் சிக்காமல், சேத்துப்பட்டு நடைமேடையில் குழந்தைகளோடு நில்லுங்கள். முதலில் விசில் கேட்கும். எஞ்சின் கண்ணில் படச் சற்று நேரமாகும்.

எங்கள் தாத்தா நீராவிக் காலத்து ஃபயர்மேன். அவருடைய சுத்தியல், விளக்கு, சில நோட்டுப் புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். எடைக்குப் போட மனம் வரவில்லை, என்ன செய்வது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பெரம்பூர்

தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். இத்தனை கடிதங்களிலும் நான் நீண்ட நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையதைத்தான். ஷெட்டின் அதிகாரபூர்வப் பதிவேடுகளில் எஞ்சின் எண்ணும் தேதியும் இருக்கும். எந்த எஞ்சின் எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எந்த ஊர்த் தண்ணீரில் நுரை தள்ளும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட நோட்டுகளில்தான் இருக்கும்.

முதலில் நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, நேர்வெயில் படாத இடத்தில் காற்றாட விரித்து வையுங்கள். பென்சில் எழுத்து மேலும் மங்குமுன் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம் எதையும் விடவேண்டாம்; ஓரத்தில் கிறுக்கிய கணக்கும் முக்கியம். சுத்தியலின் துருவை முழுவதும் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். துணியால் துடைத்து இலேசாக எண்ணெய் தடவி, பிடியில் ஒரு சீட்டைக் கட்டி, தாத்தாவின் பெயர், வேலை பார்த்த ஷெட், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். பாட்டியோ, உடன் வேலை பார்த்தவரோ இருந்தால், ஒரு மாலை நேரம் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். இவ்வளவும் ஆன பிறகு ரயில் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். வீட்டு வேலை முடியும் வரை பொருள்களை வைக்க இடமில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். என் தந்தையாரின் சுத்தியல் இருக்கும் அலமாரியில் இடம் இருக்கிறது.